மூன்று தடவை ஒட்டியும் வெடித்த கால்: திருகோணமலைப் போட் ஒன்றின் அலுமினியக் கூரைச் சட்டம்

உப்புவெளிக் கரையில் ஏற்றி வைத்திருந்த பைபர் போட் அது. 26 அடி நீளம், இரண்டு அவுட்போட் எஞ்சின், மேலே வெயிலுக்கு ஒரு கூரை. மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோணேசர் மலைக்கு வெளியே ஆழ்கடலுக்குப் போய்வரும். கூரையைத் தாங்குவது நாலு அலுமினியக் கால்கள். அதில் பின்பக்கத்து இடது கால், அடித்தகட்டோடு சேரும் இடத்தில், பதினெட்டு மாதத்துக்குள் மூன்று தடவை வெடித்திருந்தது.

போட்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், நான் அவரை 'நானா' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். போனில் சொன்னது இவ்வளவுதான் (காஸ் என்றது, ஒட்டும்போது உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கனை): "தம்பி, காஸ் சரியில்லையாம். நீங்க நல்ல காஸ் போட்டு ஒருக்கா அடிச்சுத் தாங்க, நாளைக்கு ஆக்கள் வருது."

"நானா, இப்ப அதில நெருப்பு வைக்க வேணாம். முதல்ல ஏன் வெடிச்சதெண்டு பாப்பம்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சீசன் நேரத்தில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் உழைப்புப் போகும், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், பிள்ளைகளும் இருப்பார்கள். நான்காவது தடவையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் நானே கரைக்குப் போனேன். போனது நல்லதாயிற்று. அந்தக் காலின் அடித்தகட்டில் இருந்த நாலு போல்ட்டில் கடைசி போல்ட்டைத் தளர்த்தியதும் தகடு 'டக்' என்று வெளிப்பக்கம் தள்ளி நின்றது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 12 மில்லிமீற்றர். சட்டம் செய்தபோது அளவு ஒத்துவரவில்லை. பெல்ட் போட்டு இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள். கடலுக்குப் போகுமுன்பே, கூரையின் பாரம் ஏறுமுன்பே, அந்த ஒட்டு இழுபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சட்டத்தை முதலிலேயே கழற்றி லாண்ட்மாஸ்டரில் ஏற்றி அனுப்பியிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

என்ன உலோகம்

வெல்டிங்கில் வெடிப்பு என்றால் முதலில் கேட்க வேண்டியது இது. இரும்பில் பழகியவர்கள் அலுமினியத்தையும் ஒரே சாமானாக நினைக்கிறார்கள். காலின் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது கம்பனி அச்சு மங்கலாகத் தெரிந்தது: 6061 ரி6 (6061 கலவையின் இலக்கம், ரி6 அதைப் பதப்படுத்திய விதம்). வெளி விட்டம் 48 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு 3. அடித்தகடு 5083, தடிப்பு 6. குழாயில் மக்னீசியமும் சிலிக்கனும் நூற்றுக்கு ஒரு வீதத்தை ஒட்டியே இருக்கும், அதைச் சூடேற்றிப் பதப்படுத்தித்தான் பலம் கொடுத்திருப்பார்கள். தகட்டில் மக்னீசியம் மட்டும் 4 வீதத்துக்கு மேல். அதன் பலம் அந்த மக்னீசியத்தாலும் தகட்டை உருட்டியதாலும் வந்தது. இரண்டும் வேறு வேறு சாதி. இரண்டுக்கும் நடுவில் என்ன கம்பி வைத்து ஒட்டினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

அதைப் போட்காரரால் சொல்ல முடியவில்லை. ஒட்டிய இருவரில் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். "அலுமினியக் கம்பி" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ரிக் (TIG) வெல்டிங் கம்பியின் நுனியில் இலக்கம் பதித்துத்தான் வரும். அந்த நுனியிலிருந்து உருக்கத் தொடங்கினால் மிச்சக் கம்பிக்குப் பெயரே இல்லாமல் போகும். பிறகு எல்லாம் ஒரே பிவிசி குழாய்க்குள் கலந்து கிடக்கும். நம்முடைய பட்டறைகளில் பாதிக்கு மேல் இதுதான் நிலைமை.

கம்பியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒட்டை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கோஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுத்துக் கழுவினால், சிலிக்கன் கூடிய கம்பி கரிபோலக் கறுக்கும். மக்னீசியக் கம்பி வெளிறியே நிற்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, கண்ணில் பட்டால் பார்வையே போகும். நாலு காலிலும் மூல ஒட்டு, சட்டம் செய்தபோது போட்டது, கறுத்தது. அதாவது 4043, ஏறக்குறைய 5 வீதம் சிலிக்கன் உள்ள கம்பி. வெடித்த காலில் மட்டும் அந்தக் கறுப்புக்கு மேலே ஒரு வெள்ளைப் படை இருந்தது. அது 5356 ஆகத்தான் இருக்க வேண்டும், 5 வீத மக்னீசியக் கம்பி. கடைசியாகத் திருத்தியவர் வைத்தது.

வெடிப்பைத் திறந்து பார்த்தது

பட்டறைக்குக் கொண்டுவந்து காலை அடியிலிருந்து 150 மில்லிமீற்றருக்கு மேலே அறுத்தேன். அந்தத் துண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். ஒரு பாதியை உப்புத்தாள் 400, 800, 1200 என்று தேய்த்து சோடாவில் நனைத்தேன். மற்றப் பாதியில் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த உலோகத்தை வைஸில் இறுக்கிப் பாரையால் நெம்பி உடைத்தேன்.

தேய்த்த பாதியில் எல்லாம் படம் போலத் தெரிந்தது. அடியில் கறுப்பு ஒட்டு, அதற்கு மேல் வெள்ளை ஒட்டு. இரண்டுக்கும் நடுவே, வெள்ளைக்குக் கீழே புதைந்தபடி, தலைமயிர் போல ஒரு வெடிப்பு. பழைய வெடிப்பை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புது உலோகத்தை ஊற்றி மூடியிருக்கிறார்கள். வெளியே பார்க்க அழகான ஒட்டு, உள்ளே முதல் நாள் வெடிப்பு அப்படியே உயிரோடு.

உடைத்த பாதி இன்னும் விளக்கமாகப் பேசியது. பத்து மடங்கு லென்ஸில் முறிந்த முகத்தைப் பார்த்தால் மூன்று விதமான நிலம். மூல ஒட்டு முடிந்த குழியின் அடியில் ஒரு சின்ன இடம், மங்கல் சாம்பல் நிறம், ரவை கொட்டியது போல மணிமணியாக. அதைச் சுற்றி விரிந்து போகும் வழுவழுப்பான இடம், அதில் வில் போல வளைந்த மெல்லிய கோடுகள், அலை வாங்கிய ஈர மணலில் விழுவது போல. கடைசியில் நான் பாரையால் கிழித்த பளிச்சென்ற புது முறிவு.

அந்த மணிமணியான இடம் ஒட்டு ஆறும்போதே வெடித்தது. வளைகோடு போட்ட இடம் கடலில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. ஒரே வெடிப்பு, ஆனால் பிறந்த இடம் வேறு, வளர்ந்த இடம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் போனதால்தான் ஒவ்வொரு தடவையும் வைத்தியம் தவறியது.

ஆறும்போது ஏன் வெடிக்கிறது

சுத்த அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், அதே சூட்டில் உறையும். 6061 அப்படியல்ல. ஏறக்குறைய 652 பாகையில் உறையத் தொடங்கி 582 பாகைக்கு வரும்போதுதான் முழுதாக உறைந்து முடிகிறது. நடுவிலிருக்கும் அந்த 70 பாகைதான் ஆபத்தான நேரம். பாகில் கற்கண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கட்டிகள் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும், ஆனால் இடுக்குகளில் இன்னும் பாகு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் இழுத்தால் கட்டி உடையாது, பாகு இருக்கும் இடுக்கு வாய் திறக்கும். ஒட்டிலும் இதுதான் நடக்கிறது. இழுப்பதற்கு வெளியே இருந்து ஆள் வரத் தேவையில்லை. அலுமினியம் உறையும்போது கனவளவில் ஏறக்குறைய 6 வீதம் சுருங்கும், உறைந்த பிறகும் ஆற ஆற இரும்பைவிட இரண்டு மடங்கு சுருங்கும். அதோடு நம்முடைய காலில் அந்த 12 மில்லிமீற்றர் இழுவையும் இருந்தது.

சிலிக்கனும் மக்னீசியமும் எவ்வளவு சேர்ந்தால் இந்த இடுக்குப் பாகு மிக மோசமாக அமையும் என்று பார்த்தால், அது 6061இல் இருக்கும் அதே அளவுதான். இன்னும் கூடினால் கடைசியில் மிஞ்சும் உருகல் நிறைய இருக்கும், திறந்த இடுக்குக்குள் ஓடி அடைத்துவிடும். குறைந்தால் வாய் திறப்பதற்கு இடுக்கே இருக்காது. இந்த உலோகமோ நடுவில், மிகக் கெட்ட இடத்தில் நிற்கிறது. அதனால்தான் 6061ஐயும் அதன் தம்பியான, ஜன்னல் சட்டம் செய்யும் 6063ஐயும் கம்பி வைக்காமல் உருக்கி ஒட்டக் கூடாது. கம்பி இடைவெளியை நிரப்ப மட்டும் போடுவதல்ல. உருகிய குட்டையின் கலவையையே மாற்றி, அந்தக் கெட்ட இடத்திலிருந்து அப்பால் நகர்த்தத்தான் போடுகிறோம். வாயோடு வாய் வைத்து இடைவெளி விடாமல் ஒட்டினால் குழாய் உலோகமே பெரும்பகுதி உருகும், கம்பி கொஞ்சம்தான் கலக்கும், மாற்றம் போதாது. விளிம்பைச் சரித்து வெட்டச் சொல்வது இதற்காகத்தான்.

முதல் திருத்தத்தில் நடந்தது இதுவே. வெடிப்பு மூல ஒட்டின் ஓரத்திலிருந்து குழாய்க்குள் இறங்கியிருந்தது. திருத்தியவர் கம்பி வைக்காமல் வெல்டிங் டோர்ச்சை அதன் மேல் ஓட்டி 'கழுவி' விட்டிருக்கிறார். இரும்பில் சிலர் அப்படிச் செய்து தப்புவார்கள். இங்கே உருகியது முழுக்கக் குழாய் உலோகம். கழுவிய தடத்தின் நடுவிலேயே நெடுக்காக 30 மில்லிமீற்றர் புது வெடிப்பு.

போட்காரருக்குக் காட்ட ஒரு பரிசோதனை செய்தேன். அறுத்த குழாயின் நல்ல பகுதியில் இரண்டு தடம் ஓட்டினேன், ஒன்று கம்பியோடு, ஒன்று கம்பி இல்லாமல். கம்பி இல்லாத தடத்தில் ஆர்க்கை அணைத்து முகமூடியைத் தூக்கிக் குனிந்து பார்க்கும்போதே நடுவில் கோடு விழுந்திருந்தது. அவர் விரலால் தொடப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அலுமினியம் எவ்வளவு சூடானாலும் சிவக்காது. "இவ்வளவு கெதியா வெடிக்குமா?" என்றார். அதற்குப் பிறகு காஸ் பற்றிய பேச்சு வரவில்லை.

குழி

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் வெடிப்பு கழுவியதால் வந்ததல்ல. அது மூல ஒட்டின் முடிவுக் குழியில் இருந்தது. ஆர்க்கை ஒரேயடியாக நிறுத்தினால் கடைசியாக உருகிய குட்டை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறைந்து வரும். நடுவில் ஊற்றுவதற்கு உலோகம் மிச்சமில்லை. குழி விழும், குழியின் நடுவில் நட்சத்திரம் போல வெடிக்கும். சரியான கம்பி வைத்தாலும் வெடிக்கும்.

மற்ற மூன்று கால்களையும், வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டிக் கொடுக்கும் சாயம் போட்டுப் பார்த்தேன். சிவப்புச் சாயத்தை நிழலில் பத்து நிமிடம் ஊற விட்டு (வெயிலில் வைத்தால் நமது ஊர்ச் சூட்டுக்கு அங்கேயே காய்ந்துவிடும்), துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். இரண்டு கால்களில் முடிவுக் குழியின் நடுவில் சிவப்பு நட்சத்திரம் மெல்ல மெல்லக் கசிந்து எழுந்தது. முன்பக்கத்து வலது காலில் எதுவும் இல்லை. ஏன் அதில் மட்டும் இல்லை என்று கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டை முடித்தவர் அங்கே மட்டும் தொடங்கிய இடத்தைத் தாண்டி, பழைய ஒட்டின் மேல் ஏறி, அங்கே நிறுத்தியிருக்கிறார். குழி தடித்த உலோகத்தின் மேலே விழுந்திருக்கிறது, வெடிக்கவில்லை. அதே ஆள், அதே கம்பி, அதே காஸ், அதே நாள். முடித்த விதம் மட்டும் வேறு.

மற்ற இரண்டு கால்களிலும் குழி வெடித்திருந்தும் பின்பக்கத்து இடது கால் மட்டும் ஏன் விட்டது? அந்தக் காலில் குழி சரியாக வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. போட் பக்கவாட்டில் உருளும்போது காலின் வெளிப்பக்கமும் உள்பக்கமும்தான் மாறி மாறி இழுபடும். மற்ற இரண்டில் குழி முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்து இருந்தது. 12 மில்லிமீற்றர் இழுவையும் இந்தக் காலில்தான்.

திமிங்கிலம் தெரிந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். நின்ற போட்தான் அதிகம் உருளும். 3 செக்கனுக்கு ஒரு ஆட்டம் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1,200. ஒரு சீசனில் நூறு பயணம், ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் நின்றது என்றால் 1,20,000 ஆட்டம். கூரை மேல் லைஃப் ஜாக்கெட் மூட்டை, சில நாள் திமிங்கிலத்தைத் தேட ஏறி நிற்கும் ஒரு பையன். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே உள்ள அழுத்தத்தை எத்தனை தடவை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் கணக்கில் சேரும். அதில் தொடக்கத்திலேயே ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து அனுப்பினால் வெடிப்புக்கு வழி தேடும் வேலையும் இல்லை.

காரணம் என்று சொல்லப்பட்டவை

காஸ். மூல ஒட்டில் சில ஊசித் துளைகள் இருந்தன, அது உண்மை. உருகிய அலுமினியம் ஐதரசனை நிறைய உறிஞ்சும், உறையும்போது அதில் பெரும்பகுதியை வெளியே தள்ளும், தப்ப முடியாதது துளையாக நிற்கும். ஐதரசன் வருவது ஈரத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும்தான். வாடைக் காலத்தில் கம்பியைத் திறந்து வைத்தால், கச்சான் காற்று அடிக்கும்போது தறப்பாள் கட்டாமல் திறந்த வெளியில் ஒட்டினால், எந்த ஆர்கனும் காப்பாற்றாது. ஆனால் இந்த வெடிப்பு எந்தத் துளையிலிருந்தும் தொடங்கவில்லை.

கம்பி. 5083 தகட்டுக்கு 4043 பொருத்தமில்லாதது. தகட்டின் மக்னீசியமும் கம்பியின் சிலிக்கனும் சேர்ந்து ஒட்டை நொறுங்கும் தன்மையாக்கும். இந்தச் சோடிக்கு 5356தான் சரி. இருந்தும் நம்முடைய வெடிப்பு தகட்டுப் பக்கம் போகவில்லை, குழாய்ப் பக்கம்தான் ஓடியது. ஆகவே பிழையான கம்பி இங்கே குற்றவாளியல்ல, நாளைக்கு ஆகியிருக்கக் கூடியது.

ஒட்டிய இடத்தின் பலவீனம். இதை யாரும் சொல்லவில்லை, நான்தான் சேர்க்கிறேன். 6061 ரி6இன் இழுவைப் பலம் 310 மெகாபஸ்கால் அளவில் இருக்கும். ஒட்டியதும் பக்கத்து உலோகம் பதம் இழந்து 165 அளவுக்கு இறங்கும். பழைய பலம் வேண்டுமென்றால் 530 பாகைக்குச் சூடேற்றி, நீரில் தோய்த்து, பிறகு 175 பாகையில் 8 மணித்தியாலம் வைக்க வேண்டும். ஒரு போட் சட்டத்துக்கு அது நடக்காத காரியம். ஒவ்வொரு திருத்தமும் அந்த மெத்தென்ற பகுதியை அகலமாக்கியது. மூன்றாவது ஒட்டுக்குப் பிறகு வெடிப்பு குழாயின் அரைச் சுற்று ஓடியதற்கு இதுவும் காரணம்.

செய்த வேலை

பழைய இடத்தில் திரும்ப ஒட்டவில்லை. மெத்தென்று போன அடிப் பகுதியை அறுத்தெறிந்தாயிற்று. 10 மில்லிமீற்றர் 5083 தகட்டில், வெளி விட்டம் 60, சுவர் 5 மில்லிமீற்றர் உள்ள 6061 குழாய்த் துண்டு ஒன்றை நிமிர்த்தி ஒட்டி, காலை அதற்குள் இறக்கி, நடுவில் நைலோன் உறை வைத்துப் போல்ட் போட்டேன். தகட்டின் தடிப்பையும் கணக்கில் எடுத்து, கால் பழைய உயரத்துக்கே வரும்படி அதற்குள் இறங்கும் அளவைச் சரிசெய்தேன். அதே வளைவு விசைக்கு இந்தத் தடித்த குழாயில் வரும் அழுத்தம் பழையதில் பாதிக்கும் குறைவு. கால் குழாய் இப்போது வளையும் இடத்தில் ஒட்டே இல்லை, அங்கே அது முழுப் பலத்தோடு நிற்கிறது.

கம்பி 5356, நுனி இலக்கத்தைப் பார்த்து, மற்ற முனையிலிருந்து உருக்கியது. அசிற்றோன் போட்டுத் துடைத்து, அலுமினியத்துக்கு மட்டும் வைத்திருக்கும் ஸ்ரெயின்லெஸ் பிரஷால் தேய்த்தேன். மேலிருக்கும் ஒட்சைட்டுத் தோல் 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். அது உள்ளே மடிந்து போனால் அதுவும் ஒரு வெடிப்புத்தான். ஒவ்வொரு தடமும் போட்டின் முன்-பின் பக்கத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தது. முடிவில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, குட்டை சுருங்கச் சுருங்கக் கம்பியை ஊட்டி, தொடங்கிய இடத்து ஒட்டின் மேல் ஏறி நின்று அணைத்தேன்.

"அப்ப இனி எல்லாத்துக்கும் இந்தக் கம்பிதானே?" என்று போட்காரர் கேட்டார். இல்லை. எஞ்சின் புகைக்குழாய் போல 65 பாகைக்கு மேல் நீண்ட நேரம் சூடாகும் இடத்தில் 3 வீதத்துக்கு மேல் மக்னீசியம் உள்ள உலோகம் வேறொரு விதமாக வெடிக்கும். மக்னீசியம், உலோகத்துக்குள் இருக்கும் மணிகளின் எல்லையில் போய்ச் சேர்ந்து உப்புக்கு வழிவிடும். அமெரிக்கக் கடற்படையின் ரிக்கண்டரோகா வகைக் கப்பல்களில் 5456 அலுமினிய மேற்கட்டு நாளடைவில் இப்படித்தான் வெடித்தது, அவர்களுக்கே பெரிய தலையிடி.

சட்டத்தை இழுக்காமல் பூட்ட, தகட்டின் துளைகளைப் போட்டில் வைத்தே அளவெடுத்துத் துளைத்தோம். பின்பக்கத்து இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு சரிவுத் தாங்கி. பையன் மேலே ஏறக் கூடாது என்று சொன்னேன், சரி என்றார்.

நட்சத்திரம் இருந்த மற்ற இரண்டு கால்களில் குழியை பர் (சுழலும் சின்ன வெட்டுக்கருவி) போட்டு வெட்டி எடுத்து, திரும்பச் சாயம் போட்டு, சிவப்பு வராத பிறகுதான் நிரப்பினேன். அவற்றையும் மாற்றிவிடுவோம் என்று கேட்டேன். காசு கையில் இல்லை, சீசன் முடியட்டும் என்றார். அந்த இரண்டிலும் நிரப்பிய இடத்துக்குப் பக்கத்தில் பெயின்ட் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வாடைக்குப் போட்டைக் கரையேற்றியதும் சாயப் போத்தலோடு முதலில் போய்ப் பார்க்கப் போவது அந்த இரண்டு வட்டத்தையும்தான்.